கறுப்பை வெட்டும் திருகு

மதுரைவீரன் என்று பெயர் வைத்தால் பிள்ளைக்கு வீரம் வந்துவிடும் என்று அவன் அப்பா பாவாடை நினைத்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவன் பொறுத்த பொறுமையில் இருந்த பூமியும் போனது. எனக்குச் சட்டென்று கோபம் வரும். நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன், நடுவில் நிதானம் தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தமிழரசன். அரியலூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை மாடியில் 'நந்தினி வீடியோஸ்' என்று ஒரு போர்டு தொங்குகிறதே, அது என் கடை. நந்தினி என் மகள். 1998இல் கடைக்கு ஒயரிங் மாற்ற வந்தவன்தான் மதுரைவீரன். இருபத்தைந்து வயது. செந்துறை ரோட்டில் நெடுங்கொல்லை அவன் ஊர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்திருந்தான்.

"வேலை எதுக்கும் போகலியா?" என்று கேட்டேன்.

"சிமெண்ட் கம்பெனியில சொல்லியிருக்காங்கண்ணே. ஆர்டர் வரணும்."

"எப்பச் சொன்னாங்க?"

"தொண்ணூத்தாறுல."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஒயரைச் சீவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவர்கள் வீட்டு மூன்று ஏக்கர் கொல்லைக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் கல் இருப்பது சாபமா வரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பெனி சுரங்கத்துக்கு நிலம் எடுத்தது. கிணறு உள்ள நிலத்தைக் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை, வெறும் மானாவாரிக்குக் கிடையாது என்று ஒரு விதி இருந்தது. பாவாடையின் கொல்லையில் கிணறு இருந்தது. அவரே வெட்டியது. மேட்டில் ஓர் ஒதிய மரமும் நின்றது. ஆனால் இடையில் நின்று பத்திரம் எழுதிய தரகர் ராசாங்கம், 'மானாவாரி, கிணறு இல்லை' என்று எழுதிவிட்டான். பாவாடைக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தார். விஷயம் தெரிந்து போய்ச் சொல்வதற்குள் கிணற்றையும் மரத்தையும் பொக்லைன் விழுங்கிவிட்டது.

"கெணறு இருந்துச்சுன்னு காட்டுங்க, பாப்போம்" என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்களாம். இருநூறு அடிப் பள்ளத்துக்குள் கிணற்றை எங்கிருந்து காட்டுவது? பாவாடை மூன்று வருடம் காட்டப் பார்த்தார். 1999இல் இறந்து போனார். அதன் பிறகு அந்த வேலைக்காக அலைவது மதுரைவீரனுக்கும் அவன் அம்மா பொன்னம்மாளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

ஒயரிங் முடிந்த பிறகும் அவன் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. அப்போதுதான் நான் திருச்சியிலிருந்து ஒரு பழைய வீடியோ மிக்சர் வாங்கி வந்திருந்தேன். வாங்கிவிட்டேனே தவிர, அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இரண்டு வரிசைப் பொத்தான், நடுவில் ஒரு கைப்பிடி, ஓரத்தில் ஏழெட்டுத் திருகு. ஆள் தெரிய வேண்டிய இடத்தில் மாலை தெரியும், மாலை தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுமே தெரியாது. மதுரைவீரன் ஒரு வாரம் அதன் முன்னால் உட்கார்ந்தான். எட்டாம் நாள் எனக்கே பாடம் எடுத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. எல போட்டுப் பரிமாறுற மாதிரிதான். அடியில எல, அது மேல சோறு, அது மேல கொழம்பு. இதுல அடியில ஒரு படம். டெக்குல ஓடுற மலையோ பூவோ எதுவோ ஒண்ணு. அதுக்கு மேல நீங்க கேமராவுல எடுக்கிற ஆளு. எல்லாத்துக்கும் மேல கம்ப்யூட்டர்லேர்ந்து பேரு. மூணும் அப்பவே, கண்ணெதிர, ஒரே படமாச் சேரணும்."

"ஆளு மேல வந்தா அடியில உள்ள மலை மறைஞ்சுடுமே?"

"அதுக்குத்தான் வெட்டணும். ஆளுக்குப் பின்னால நீலத் துணி கட்டுறமில்ல? நீலம் எங்க இருந்தாலும் வெட்டுன்னு மிசினுக்குச் சொல்லிட்டா, நீலம் இருந்த எடமெல்லாம் ஓட்டையாயிடும். ஓட்டை வழியா அடிப்படம் தெரியும். நீலம் வேணாம்னா கறுப்பை வெட்டச் சொல்லலாம். இந்தத் திருகுதான் அது. எவ்வளவு கறுப்பு வரைக்கும் வெட்டலாம்னு இதுல வைக்கணும். கூடத் திருகினா வேண்டாததெல்லாம் ஓட்டையாவும்."

மேசையில் இரண்டு சின்ன டிவி வைத்திருந்தான். ஒன்றில் அடுத்து வரப்போகிற படம். இன்னொன்றில் இப்போது சனம் பார்த்துக்கொண்டிருக்கிற படம். முதல் டிவியில் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு, கைப்பிடியை இழுத்து இரண்டாவதற்குத் தள்ளுவான். அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலை நடக்கும்போது மேடையைப் பார்க்கவே மாட்டான். "மேடையில நடக்கிறது நமக்கு வேணாம்ணே. டிவியில நடக்கிறதுதான் நடக்கிறது" என்பான். தாலி கட்டும்போது மண்டபமே எழுந்து நின்று அட்சதை போடும், இவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பான். ஆண்டிமடத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து வருடம் கழித்து மாப்பிள்ளை நேரில் வந்து நின்றபோது இவனுக்கு அடையாளம் தெரியவில்லை. டிவியில் அதே கல்யாணத்தைப் போட்டதும் தெரிந்துவிட்டது.

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் என்று எங்களைக் கூப்பிடாத ஊர் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் டிவி வைத்து, மேடையில் நடப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வைத்தோம். பொண்ணு மாப்பிள்ளையை நீலத் துணி முன்னால் நிறுத்திப் பனிமலைக்கு அனுப்பினோம். ஏலாக்குறிச்சித் திருவிழாவில், கோயிலுக்குள் நுழைய முடியாத கூட்டத்துக்கு வெளியே திரை கட்டிப் பூசையைக் காட்டினோம். ஊரில் எனக்கு நல்ல பெயர். அதில் முக்கால்வாசி அவனுடையது. ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் கம்பெனி கேட்டில் போய் நின்றுவிட்டு வருவான்.

2004 பிப்ரவரியில் கம்பெனிக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா. அந்த வேலை எங்களுக்கு வந்தது. வேலையைப் பேசி முடிக்க வந்தவர் அரங்கநாதன், ஆள் எடுக்கிற பிரிவின் அதிகாரி. மதுரைவீரனின் மனுக்கள் அத்தனையும் தூங்குவது அவர் அலமாரியில்தான். இவனை மிக்சர் முன்னால் பார்த்ததும் அவருக்கே வியப்பு.

"நீயா இதெல்லாம் பண்றே? புதுசாப் பயிற்சிக்கூடம் கட்டுறோம்ப்பா. அங்க தெனம் படம் காட்டணும், மேடையிலேர்ந்து பெரிய திரைக்கு எடுத்துக் குடுக்கணும். அதுக்கு ஒரு ஆபரேட்டர் போஸ்ட் வருது. விழா நல்லபடியா நடக்கட்டும். டைரக்டர் வராரு. அவர் கண்ணுல நீ பட்டுட்டா, கெணறு கெடக்குது கெணறு, நான் ஆர்டர் போட்டுடறேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக்கு அவர் நிஜமாகவே சொன்னார். எட்டு வருடமாக வராத ஆர்டர் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று மதுரைவீரன் நம்பினான். நானும் நம்பினேன். பொன்னம்மாள் மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு வேண்டிக்கொண்டாள்.

கம்பெனி கேட்டது இதுதான். மேடையில் பேசுகிறவர் பெரிய திரையில் தெரிய வேண்டும், அவருக்குப் பின்னால் சுரங்கமும் மில்லும் ஓட வேண்டும். கம்பெனியின் கதை என்று ஒரு மணி நேரப் படம் கொடுத்தார்கள். அது அடிப்படம். மேலே பேசுகிறவர். அதற்கும் மேலே பெயர்.

ஒத்திகை அன்று நீலத் துணி கட்டினோம். ஜெனரல் மேனேஜர் மேடையில் வந்து நின்றார். திரையில் அவர் தலை இருந்தது, கைகள் இருந்தன, நெஞ்சு இல்லை. நெஞ்சு இருந்த இடத்தில் கன்வேயர் பெல்ட்டில் கல் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி அதிகாரிகளின் சீருடைச் சட்டை நீலம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அரங்கநாதன் வெளிறிப் போனார். சட்டையை மாற்றச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை, அதனால் துணியை மாற்றினோம். ஜெயங்கொண்டத்தில் ஒரு நாடகக்காரரிடம் கறுப்பு வெல்வெட் திரை வாங்கி வந்து கட்டினோம். நீலத்தை விட்டுவிட்டுக் கறுப்பை வெட்டினான் மதுரைவீரன். ஜன்னல் வெளிச்சமும் என் கேமரா விளக்கும் இருந்ததால் திருகைக் கொஞ்சமாகத் திருகினாலே போதுமானதாக இருந்தது. அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். எல்லாரும் நல்ல சிவப்பு. மீசைகூட முழுதாகத் தெரிந்தது.

நிலம் கொடுத்தவர்கள் ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்துவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அவர்களை ஒத்திகைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. ஏழு பேரில் பொன்னம்மாளும் ஒருத்தி. மதுரைவீரன் அரங்கநாதனிடம் ஒரே ஓர் உதவி கேட்டான். "சார், எங்க அம்மாவை மொதல்ல கூப்பிட்டுடுங்க." அவர் சரி என்றார். அவன் வாழ்க்கையில் யாரிடமும் கேட்ட உதவி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அது உடனே கிடைத்தது.

விழா காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு ஒருவர் வந்து, டைரக்டருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கேமரா விளக்கு போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் தொழிலே அந்த விளக்கில்தான் நிற்கிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஆயிரம் வாட் விளக்கை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள், எப்பேர்ப்பட்ட கறுப்பும் டிவியில் சந்தனமாகிவிடும். அப்படியே பழகிவிட்டதால் ஆளின் நிறத்தைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. விளக்கு போயிற்று. பெரிய திரை தெரிவதற்காக ஜன்னலையும் சாத்தினார்கள். வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே படத்தை வெளுப்பாக்கப் பார்த்தது, கறுப்புத் துணி சாம்பலாகத் தெரிந்தது, எள்ளைத் தூவியது போல் புள்ளிகள். அதை மறைக்க மதுரைவீரன் திருகை இன்னும் திருகினான். இன்னும் கொஞ்சம். புள்ளிகள் போயின. டைரக்டர் பேசினார், முகம் தெளிவாக இருந்தது. ஜெனரல் மேனேஜர் பேசினார், மீசை மட்டும் அவ்வப்போது காணாமல் போனது, அவரைத் தவிர யாருக்கும் அதில் நஷ்டமில்லை. ஜனம் வாயைப் பிளந்து பார்த்தது. அரங்கநாதன் எங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார்.

பொன்னம்மாளுக்குப் பக்கத்து வீட்டு சசிகலா காலையில் பவுடர் பூசி விட்டிருந்தாள். "வேணாம்டி, தாலியறுத்தவளுக்கு என்ன பவுடர்" என்று இவள் பஸ்ஸிலேயே முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். வெள்ளைச் சேலை. நல்ல கறுப்பு அவள். வெயிலில் காய்ந்து, வயலில் காய்ந்து, ஆபீஸ் வாசல்களில் காய்ந்த கறுப்பு.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேடை ஏறினாள். நான் கேமராவில் அவள் முகத்தைப் பிடித்தேன். கேமராக்காரனுக்கு அவன் எடுப்பது மட்டும்தான் தெரியும், சேர்ந்த படம் தெரியாது. என் கண்ணில் அவள் முழுசாக இருந்தாள். கைகூப்பிச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் மதுரைவீரன் தன் சட்டத்தை மீறினான். அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுந்து நின்றான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக டிவியை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தான்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முதலில் முன்வரிசைப் பிள்ளைகள், பிறகு காண்டிராக்டர்கள், பிறகு எல்லாரும். எங்கள் ஊர்க்காரர்களும்தான். பொன்னம்மாள் மகிழ்ச்சியில் இன்னும் நன்றாகச் சிரித்தாள். நானும் கேமராவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன், அவள் பல்லைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து. பிறகு தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.

திரையில் ஒரு வெள்ளைச் சேலை நின்றுகொண்டிருந்தது. தலை இல்லை, கை இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் போர்த்திய பொன்னாடை ஒன்றுமில்லாத தோளில் தொங்கியது. கீழே மஞ்சள் எழுத்தில் 'திருமதி பொன்னம்மாள் பாவாடை' என்று பெயர் மட்டும் பிசிறில்லாமல் இருந்தது. அந்த எழுத்தை முதல் நாளே மூன்று தடவை மாற்றி மாற்றி அழகு பார்த்து அடித்தவன் அவன்தான்.

"வீரா, டிவியப் பாருடா!" என்று கத்தினேன். அவன் குனிந்து பார்த்தான். கை கைப்பிடிக்குப் போவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வந்த ஆறு பேருக்கும் எதையும் வெட்டாமல் வெறும் கேமராவை மட்டும் போட்டான். ஆறு பேரும் முழுசாகத் தெரிந்தார்கள். அவளை முதலில் கூப்பிடுங்கள் என்று கேட்காமல் இருந்திருந்தால், யாரோ ஒருவரின் முகத்தில் அந்தத் தவறு தெரிந்து, அவள் முறை வருவதற்குள் சரியாகியிருக்கும். இதை இன்றுவரை நான் அவனிடம் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

வெளியே பந்தலில் சாப்பாடு போட்டார்கள். பொன்னம்மாள் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவள் எதையும் பார்க்கவில்லை.

"ஏன்டா, என் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுதும்மா" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன். பெற்றவளிடம் பொய் சொல்கிற அளவுக்கு என்ன கோழைத்தனம் என்று. பிறகு அதே இடத்தில் நான் நின்றபோது என்னால் என்ன முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் தவறைத் தவறு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தால்கூட வேலை கிடைத்திருக்கலாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் திரையைப் படம் எடுத்துவிட்டார். மறுநாள் காலை, தலையில்லாத சேலையும் அதன் கழுத்துக்கு மேல் சுரங்கமும் பத்திரிகையில் வந்துவிட்டன. நிலம் கொடுத்தவர்களைக் கம்பெனி விழுங்கிவிட்டது என்பதைத் திரையிலேயே காட்டிய இளைஞர் என்று எழுதியிருந்தார்கள். ஒரு சங்கம் அதைச் சுவரொட்டியாக அடித்து அரியலூர் முழுக்க ஒட்டியது. மதுரைவீரனைத் தேடி வந்து துண்டு போர்த்தினார்கள். "பேருக்கேத்த ஆளுய்யா" என்றார்கள்.

"தெரியாம நடந்துடுச்சுங்க" என்று அவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். "பாருய்யா, அடக்கத்தை" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

கம்பெனிக்குப் போனோம், இரண்டு பேரும். நான் திருகையும் விளக்கையும் கறுப்புத் துணியையும் பற்றி அரங்கநாதனிடம் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒத்திகையில எங்க மூஞ்சியெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது. விழாவுல டைரக்டர் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. இவங்க அம்மாவுக்கு மட்டும் தெரியல. அவங்களை மொதல்ல கூப்பிடச் சொன்னதும் இவன்தான். நான் நம்புறேன் தம்பி. மேல இருக்கிறவங்க நம்புவாங்களா?"

அவர் சொன்னதெல்லாம் உண்மை, சேர்த்துப் பார்த்தால் பொய். கேட்டில் அவன் பெயரை எழுதி வைத்தார்கள், உள்ளே விடக்கூடாது என்று. சங்கக்காரர்கள் அடுத்த மாதமே வேறு பிரச்சினைக்குப் போய்விட்டார்கள். மதுரைவீரன் அதற்குப் பிறகு மிக்சரைத் தொடவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். "கை வரமாட்டேங்குதுண்ணே" என்றான். வேறொரு சிமெண்ட் மில்லில் காண்டிராக்டரிடம் மூட்டை ஏற்றப் போனான். ஒருநாள் ரோட்டில் பார்த்தேன். தலைமுடி, புருவம், உதடு எல்லாம் சாம்பல் நிறம். இப்போது அவன் முகத்தை எந்தத் திருகும் வெட்டாது என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

பொன்னம்மாளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சுவரொட்டியில் தலையில்லாமல் நிற்பது தான்தான் என்று அவளுக்கு யார் சொல்வது? விழாவைப் பதிவு செய்த டேப்பை மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கம்பெனியில் இருக்கிறது என்று சொல்லி வந்தான். 2005இல் ஒரு நாள் அவளே பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு இருக்குமாமே. ஒரு தடவ போட்டுக் காட்டுய்யா."

இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன்.

பார்த்தாள். பிறகு, "என் மூஞ்சி எங்கப்பா?" என்றாள்.

நான் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இரு, இரு. நிறுத்து. கொஞ்சம் பின்னால போ."

நிறுத்தினேன். அவள் எழுந்து போய் டிவியின் மேல் விரலை வைத்தாள். முகம் இருந்திருக்க வேண்டிய ஓட்டைக்குள், சுரங்கம் தோண்ட ஆரம்பித்த முதல் நாள் படம். ஒரு பொக்லைன். அதற்குப் பக்கத்தில் ஒரு மேடு. மேட்டில் ஒரு மரம். மரத்தடியில் கல் கட்டிய ஒரு கிணறு.

"நம்ம கொல்லைப்பா இது! ஒதிய மரம் நிக்குது பாரு. கெணறு. அவரு வெட்டுன கெணறு."

ஒரு மணி நேரப் படத்தில் அது பத்து வினாடி. ஒத்திகையில் முதல் பத்து நிமிடத்துக்கு மேல் படத்தை நாங்கள் ஓட்டவே இல்லை. விழா அன்று அந்தப் பத்து வினாடி வந்தபோது மகன் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் அந்த டேப்பைப் பார்க்கவே இல்லை. அசல் படத்தைக் கம்பெனி விழா முடிந்ததுமே வாங்கிக்கொண்டுவிட்டது. ஆள் விட்டுக் கேட்டேன். அப்படி ஒரு படமே இல்லை என்றார்கள்.

"இதக் காட்டுனா வேலை குடுத்துடுவாங்கல்ல?" என்று கேட்டாள் பொன்னம்மாள். "கெணறு இருந்தா காட்டுன்னுதானே சொன்னாங்க?"

தன் முகம் இல்லாததைப் பற்றி அவள் மறுபடி கேட்கவே இல்லை. மகனுக்கு வரவிருந்த வேலை போனதே இந்தப் படத்தால்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? மதுரைவீரனிடம் போய்க் கிணறு இருப்பதைச் சொன்னேன். மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டான். "அம்மா சேலைய மட்டும் எடுத்துட்டு அடிப்படத்த முழுசாக் காட்ட முடியாதாண்ணே?" என்றான். அவனுக்குத் தெரியாததில்லை. சோற்றில் ரசத்தைப் பிசைந்த பிறகு சோறு வேறு ரசம் வேறாக எடுக்க முடியுமா? சேர்ந்து பதிவானது சேர்ந்ததுதான். தலையில்லாத சேலையைக் காட்டாமல் கிணற்றைக் காட்ட வழி கிடையாது. "வேணாம்ணே, விட்டுடுங்க" என்றான்.

அவள் விடவில்லை. அரியலூரை 2001இல் தனி மாவட்டமாகப் பிரித்து, அடுத்த வருடமே மறுபடி சேர்த்துவிட்டார்கள் அல்லவா? அதனால் கலெக்டரிடம் மனு கொடுக்கப் பெரம்பலூருக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை காலையில் முதலில் என் கடைக்கு வருவாள். நான் டேப்பைப் போட்டு, கிணறு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன், அவள் ஐந்து நிமிடம் பார்ப்பாள். பிறகு அதை மஞ்சப்பையில் பத்திர நகலோடு வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறுவாள். அங்கே மனுவை வாங்கி முத்திரை குத்துவார்கள். டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "இத வச்சுக்க எங்ககிட்ட எடமில்லம்மா" என்று ஒருவர், "போட்டுப் பாக்க இங்க டெக்கு கெடையாது" என்று ஒருவர். சாயங்காலம் என்னிடம் டேப்பைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போவாள். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல்.

2007 நவம்பரில் அரியலூரை மறுபடி தனி மாவட்டமாக்கினார்கள். டிசம்பரில் பொன்னம்மாள் வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தம்பி, கலெக்டர் ஆபீசு நம்ம ஊருக்கே வந்துடுச்சு. புது கலெக்டரு. இப்பல்லாம் சீடியில குடுத்தாப் பாக்குறாங்களாம். இத சீடியில ஏத்திக் குடு."

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். டேப்பை ஓட விட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டைரக்டர் வந்தார். ஜெனரல் மேனேஜர் மீசையில்லாமல் வந்தார். பொன்னம்மாளின் பெயர் வந்தது. வெள்ளைச் சேலை வந்தது. அதற்கு மேல் வெறும் கோடு. வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு, பனி கொட்டுகிற மாதிரி. பத்து வினாடி. கோடு நின்றபோது கிணறு போய்ப் பள்ளம் வந்திருந்தது.

டேப்பை ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அந்த இடம் தேய்ந்துபோகும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்வேன், பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் நிறுத்தி வைக்காதீர்கள் என்று. இரண்டு வருடமாகத் திங்கள்தோறும் அவளுக்காக அந்த இடத்தில் நிறுத்தியது என் கை. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதில் காட்டியிருக்கலாம். தோன்றவில்லை. அவ்வளவுதான், தோன்றவில்லை. இதற்கு நான் யார் மேல் கோபப்படுவது?

அவளுக்கு இரண்டு கண்ணிலும் அப்போது புரை விழுந்திருந்தது. டிவியை நெருங்கி வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"எனக்கு மங்கலா இருக்குதுப்பா. கெணறு நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதும்மா" என்றேன்.

சீடியை உறையில் போட்டு, அவள் சொன்னபடியே மேலே மகன் பெயரை எழுதிக் கொடுத்தேன். மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள்.